சத்துக்குறைவுல இருந்து தேறின பாப்பாவுக்கு மூளை எப்படி இருக்குன்னு ரத்தம் சொல்லுமா?

கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்ல இருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கார். அக்கா பொண்ணு, 1 வயசு 8 மாசம். ரெண்டு மாசம் முன்னாடி எலும்பும் தோலுமா மெலிஞ்சு, கால் ரெண்டும் வீங்கி, ஆஸ்பத்திரியில மூணு வாரம் வெச்சிருந்து அனுப்பியிருக்காங்க. இப்ப வீக்கம் வடிஞ்சிடுச்சு, எடை ஏறுது, ஆனா மத்த பிள்ளைங்க மாதிரி துறுதுறுன்னு இல்ல, பேச்சும் சரியா வரல. சேத்த அன்னைக்கு எடுத்த ரிப்போர்ட்டை எழுதியிருக்கார்: ஹீமோகுளோபின் 8.6, அல்புமின் 2.1, சிஆர்பி அதிகம், ஃபெரிட்டின் 90, முதல் நாள் ராத்திரி சுகர் 46. இதை வெச்சு மூளை பாதிச்சிருக்கான்னு சொல்ல முடியுமா, ஒரு லேப்ல மூளை வளர்ச்சி பேக்கேஜ்னு பெரிய டெஸ்ட் ஒண்ணு சொல்றாங்க, கடன் வாங்கியாவது எடுத்துடலாமான்னு கேக்கறார். கேள்வி ரத்தத்தைப் பத்தி இருந்தாலும் அவர் மனசுல இருக்கறது வேற, பாப்பா நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் மத்தவங்க கூட சேந்து படிக்குமா இல்ல மந்தமா ஆயிடுமாங்கறதுதான். நான் குழந்தைகள் டாக்டர், கூடலூர் பக்கமும் மேல ஊட்டி பக்கமும் பல வருஷமா இந்த மாதிரி பிள்ளைகளைப் பாத்துட்டு வரேன். பாப்பாவை நேர்ல பாக்கல, அதனால பொதுவா தெரிஞ்சதை வெச்சு சொல்றேன், உங்க டாக்டர் சொல்றதுக்கு மேல இதை வெச்சுக்காதீங்க.

நேரா பதில் சொல்லிடறேன். மூளை எவ்ளோ வளந்திருக்கு, இனி எவ்ளோ வளரும்னு சொல்ற ரத்த டெஸ்ட் இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது, எவ்ளோ பெரிய லேப்பா இருந்தாலும் சரி. ரத்தம் அன்னைய நிலவரத்தை சொல்லும், அவ்ளோதான். ஊட்டி மண்டியில இன்னைக்கு கேரட் என்ன விலைக்குப் போச்சுன்னு தெரிஞ்சுட்டா தோட்டத்து மண்ணு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுடுமா, அந்த மாதிரி. அதுக்காக டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லல. மூளையை இப்பவும் கெடுத்துட்டு இருக்கற, ஆனா மருந்து குடுத்தா நிக்கற காரணம் ஏதாவது உள்ள ஒளிஞ்சிருக்கான்னு பிடிக்கத்தான் நாங்க ரத்தம் பாக்கறோம், அந்த வகையில பாக்க வேண்டியது நாலஞ்சு தான், அதுக்கு பேக்கேஜ் தேவையில்ல.

இந்த வயசுல மூளை என்ன பண்ணிட்டு இருக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சா மத்தது புரியும். சும்மா படுத்திருக்கறப்ப சின்னப் பிள்ளையோட உடம்பு செலவழிக்கற சக்தியில பாதிக்கு மேல மூளைக்கே போகுது. ரெண்டு வயசுக்குள்ள மூளை பெரியவங்க அளவுல சுமார் 80 சதவீதம் வளந்துடும். நரம்புக்கு மேல கொழுப்பு உறை போடறது, ஒரு நரம்பு இன்னொண்ணோட கை கோக்கறதுன்னு பெரிய வேலை எல்லாம் இப்பதான். சாப்பாடு ரொம்ப நாள் பத்தாம போனா உடம்பு சிக்கனத்துக்கு வந்துடுது, முதல்ல விளையாட்டை நிறுத்துது, அப்புறம் அழுகையைக் கூட. வார்டுல கண்ணைத் திறந்துகிட்டே எதையும் பாக்காம கிடக்கும் பாருங்க, அது பாதி இந்த சிக்கனம்தான், மூளை போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. தென்னாப்பிரிக்காவுல 1990கள்ல குவாஷியோர்கர் வந்த, அதாவது உங்க பாப்பா மாதிரி வீக்கத்தோட வந்த பிள்ளைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க. சேத்தப்ப மூளை சுருங்கித்தான் இருந்துச்சு, மூணு மாசம் சாப்பாடு போட்டப்புறம் மறுபடி எடுத்தா பெரும்பாலும் பழையபடி விரிஞ்சு வந்துடுச்சு. நல்ல செய்திதான், ஆனா அளவு திரும்பறதும் வேலை திரும்பறதும் ஒண்ணில்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப உங்க ரிப்போர்ட். அதுல மூளையோட நேரடியா சம்பந்தப்பட்டது சுகர் 46 மட்டும்தான். கடுமையான சத்துக்குறைவுல 54க்குக் கீழ போனா அவசரம்னு வெச்சிருக்காங்க, ஏன்னா அந்த நேரத்துல மூளைக்கு வேற கையிருப்பு கிடையாது. நம்ம மலைக் குளிர்ல இன்னொரு ஆபத்தும் சேந்துக்கும், உடம்பு சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கறதும் சுகர் இறங்கறதும் கையைக் கோத்துகிட்டு வரும், அதனாலதான் ராத்திரி முழுக்க ரெண்டு மணிக்கு ஒருக்கா எழுப்பி பால் குடுப்பாங்க, அம்மா நெஞ்சோட சேத்து போத்தி வெப்பாங்க. உங்க பாப்பாவுக்கு ராத்திரியே கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாங்கன்னு தெரியுது. அப்ப வலிப்பு வந்துச்சா, நினைவு தப்பிச்சா, எவ்ளோ நேரம்னு டிஸ்சார்ஜ் சம்மரியில பாருங்க. அப்படி எதுவும் இல்லாம ஒரு தடவை 46 வந்துட்டு உடனே ஏத்திட்டாங்கன்னா அந்த ஒரு நம்பரை வெச்சு பாப்பாவோட படிப்பை யாரும் ஜோசியம் சொல்ல முடியாது.

அல்புமின்ங்கறது ரத்தத்துல இருக்கற ஒரு புரோட்டீன். அது 2.1னு பாத்து பயந்துட்டீங்க போல, அதை விட்டுடுங்க. உடம்புல கிருமி, காய்ச்சல் எது இருந்தாலும் அல்புமின் இறங்கும், அது மூளையைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. சிஆர்பி அதிகம்னா அன்னைக்கு எங்கயோ இன்ஃபெக்ஷன் இருந்திருக்கு, அவ்ளோதான்.

ஃபெரிட்டின்தான் இங்க ஏமாத்தற ஆளு. அது உடம்புல சேத்து வெச்சிருக்கற இரும்புச் சத்து அளவு, அஞ்சு வயசுக்குள்ள 12க்குக் கீழ போனா குறைவு, இன்ஃபெக்ஷன் இருந்தா 30க்குக் கீழ. உங்களுது 90, நார்மல்னு எழுதியிருப்பாங்க. ஆனா கிருமி இருக்கறப்ப ஃபெரிட்டின் தானா ஏறும், அதுவும் போக கடும் மெலிவுல சிவப்பணு குறையறதால அதுல இருந்த இரும்பு கிடங்குக்குத் திரும்பி வந்து நிறைய இருக்கற மாதிரி காட்டும். பாப்பா தேறி வேகமா வளர ஆரம்பிச்சதும் புது ரத்தம், புது சதை எல்லாத்துக்கும் அந்த இரும்பு போயிடும், அப்பதான் உண்மையான பற்றாக்குறை வெளிய வரும். அதனால அந்த 90ஐ நம்பி இருக்காம இப்ப சிஆர்பி இறங்கினப்புறம் ஒரு தடவை ரெண்டையும் சேத்து பாக்கச் சொல்லுங்க. நிறைய பேர் கேப்பாங்க, ரத்தம் இவ்ளோ கம்மி ஆனா ஆஸ்பத்திரியில ஏன் இரும்பு டானிக்கே குடுக்கலன்னு. மறக்கல, வேணும்னேதான். முதல் வாரம் இரும்பு குடுத்தா கிருமிக்குத்தான் தீனி, பசி வந்து எடை ஏற ஆரம்பிச்சப்புறம்தான் தரணும். கடலை பேஸ்ட் பாக்கெட்ல குடுத்தாங்கன்னா அதுக்குள்ளயே இரும்பு இருக்கு, மேல டானிக்கும் சேக்கணுமான்னு டாக்டரைக் கேட்டுட்டு குடுங்க.

இரும்பைப் பத்தி இவ்ளோ பேசக் காரணம் இருக்கு. உடம்பு இரும்பைப் பங்கு போடறப்ப சிவப்பணுவுக்கு முதல்ல குடுக்குது, மூளை பின்னாடிதான் நிக்குது. அதாவது ஹீமோகுளோபின் நல்லா இருக்கறப்பவே மூளைக்கு இரும்பு பத்தாம போகலாம். கோஸ்டாரிக்காவுல பெட்ஸி லோசாஃப்னு ஒரு டாக்டரம்மா கைக்குழந்தையில கடுமையா இரும்புக் குறைவு வந்த பிள்ளைகளைப் பெரியவங்களாகற வரைக்கும் பின்தொடர்ந்து பாத்தாங்க, ரத்தம் சரியானப்புறமும் அவங்கள்ல பலருக்கு பரீட்சை மார்க்லயும் யோசிக்கற வேகத்துலயும் ஒரு இடைவெளி நின்னுட்டே இருந்துச்சு. அதனால இது ஓரளவு உறுதியான விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

ஹீமோகுளோபின் 8.6ல மலைக்காரங்களுக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு. லேப் ஷீட்ல அச்சடிச்சிருக்கற அளவு எல்லாம் சமவெளி ஆளுங்களுக்கு. உயரத்துல ஆக்சிஜன் குறைவுங்கறதால நம்ம உடம்பு கூடுதலா ரத்தம் தயாரிக்கும், அதனால 2000 மீட்டர் உயரத்துல இருக்கற பிள்ளைக்கு பழைய கணக்குப்படி 0.8 கழிச்சுட்டுத்தான் பாக்கணும், 2024ல டபிள்யூஎச்ஓ மாத்தின கணக்குல இன்னும் அதிகமாவே கழிக்கச் சொல்றாங்க. கோத்தகிரி அதை விடக் கொஞ்சம் கீழதான், இருந்தாலும் உங்க 8.6 மதுரையில எடுத்த 8.6ஐ விட மோசம்னு வெச்சுக்கங்க. நாளைக்கு 11 வந்துடுச்சு நார்மல்னு யாராவது சொன்னா இதை நினைவு வெச்சுக்கங்க. ரெண்டாவது சிக்கிள் செல், சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய். இந்தியாவுலயே இதை முதல்ல கண்டது 1952ல நம்ம நீலகிரி மலைப் பழங்குடிகள்கிட்டதான், லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் ரத்தம் எடுத்துப் பாத்து எழுதினாங்க. நீங்க எந்த சமூகம்னு எழுதல, எனக்குத் தெரியவும் வேண்டாம், ஆனா வீட்டுல பணியர், இருளர், குறும்பர் சொந்தம் இருந்தா எச்பிஎல்சின்னு ஒரு டெஸ்ட் வாழ்க்கையில ஒரு தடவை கண்டிப்பா எடுக்கணும். அந்த நோய் இருக்கற பிள்ளைக்கு ரத்தம் குறையறது இரும்பு இல்லாததால மட்டும் இல்ல, அதோட வெளிய தெரியாம மூளையில சின்னச் சின்ன அடைப்பு வரலாம், அதுக்கு வைத்தியமே வேற.

அடுத்து விட்டமின் பி12. என் அனுபவத்துல அதிகமா கோட்டை விடறது இதைத்தான். ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள, தாய்ப்பாலே பெரும்பாலும் குடிச்சுட்டு இருக்கற பிள்ளை, முடி செம்பட்டையா மெலிசா, விரல் முட்டி எல்லாம் கறுத்து, சிரிப்பு போய், உக்காந்துட்டு இருந்தது உக்காராம போய், சில நேரம் கை தலை எல்லாம் நடுங்க வரும். அம்மாவுக்கு பி12 இல்லைன்னா பால்லயும் இருக்காது. சைவம்தான்னு இல்ல, மாசத்துல ஒரு நாள் கறி, முட்டை வாங்கக் காசில்லைங்கற வீட்டுலயும் வரும். ஊசி போட்டதும் ஒரு வாரத்துல பிள்ளை முகம் பாத்து சிரிக்கறதைப் பாத்தா நம்பவே முடியாது. ஆனா ஒரு சிக்கல், ஆஸ்பத்திரியில குடுத்த விட்டமின்ல பி12 ஏற்கனவே இருந்திருக்கும், இப்ப ரத்தத்துல பாத்தா நல்லாத்தான் காட்டும், அதனால பாப்பாவுக்கு பாக்கறதை விட அவங்க அம்மாவுக்கு பாக்கறது உபயோகம். அக்காவுக்கு குறைவா வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து வைத்தியம் பண்ணிடலாம்.

தைராய்டும் பாருங்க, டிஎஸ்எச், டி4 ஒரு தடவை போதும். மலைப் பகுதி மண்ணுல அயோடின் மழையில அடிச்சுட்டுப் போயிடும், வீட்டுல கல்லுப்பு போடறீங்களா, இல்ல பாக்கெட்ல அயோடின் உப்புக்கான சிரிக்கற சூரியன் படம் இருக்கான்னு பாருங்க. சீரியஸா இருந்தப்ப எடுத்த தைராய்டு ரிப்போர்ட் எதாவது இருந்து அதுல டி3ங்கற இன்னொரு தைராய்டு ஹார்மோன் மட்டும் குறைவா இருந்தா அதுக்கு மாத்திரை வேண்டாம், அது சிக்கனத்துல இருக்கற உடம்பு பண்ற வேலை, தேறினா தானா ஏறும்.

இனி சந்தேகமான ஏரியா, அந்த பேக்கேஜ் விக்கறவங்க கை வைக்கற இடம். ஐஜிஎஃப்-1னு ஒரு வளர்ச்சி ஹார்மோன், மூளை நரம்புக்கு உரம் போடற பிடிஎன்எஃப்னு ஒரு புரோட்டீன், அமினோ அமிலங்கள், ஒமேகா கொழுப்பு, துத்தநாகம், விட்டமின் டி. ஐஜிஎஃப்-1 மெலிஞ்ச பிள்ளைக்கு குறையும், தேறினா ஏறும், இது உறுதி. ஆப்பிரிக்காவுல மலாவியில வளர்ச்சி குன்றின பிள்ளைகளுக்கு உடம்பால தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலமும் குறைவா இருந்துச்சுன்னு 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரொம்ப சுவாரசியமானது டாக்கா ஆய்வு, மிதமான சத்துக்குறைவு இருக்கற 123 பிள்ளைகளுக்கு மூணு மாசம் ரெண்டு வகை உணவு குடுத்தாங்க, ஒரு வகையில கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய் இருந்துச்சு, குடல்ல இருக்கற நல்ல கிருமிகளை வளக்கற மாதிரி. கலோரி கம்மியா இருந்தும் அதுல எடை நல்லா ஏறுச்சு, ரத்தத்துல கிட்டத்தட்ட 5000 புரோட்டீன் அளந்ததுல எலும்பு வளர்ச்சி, நரம்பு வளர்ச்சியோட சம்பந்தப்பட்ட சிலதும் கூடிச்சு. 2021ல வந்தது. படிச்சப்ப எனக்கே ஒரு பரபரப்பு வந்துச்சு, ஆனா அது பேசறது எடையையும் புரோட்டீனையும், பிள்ளை என்ன பேசுச்சு எப்படி விளையாடுச்சுங்கறதை இல்ல. இதெல்லாம் கூட்டமா பிள்ளைகளைப் பாத்து உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்க உதவும், ஒரே ஒரு பாப்பாவை உக்கார வெச்சு உனக்கு இந்த நம்பர் அதனால உன் மூளை இப்படின்னு சொல்ல இன்னும் உதவாது. விட்டமின் டி கதையே போதும். பாகிஸ்தான்ல 2018ல ஒரு ஆய்வு, கடும் சத்துக்குறைவு பிள்ளைகளுக்கு பெரிய டோஸ் ரெண்டு தடவை குடுத்தா எடையும் ஏறுது, வளர்ச்சி மைல்கல்லும் நல்லா வருதுன்னு. எல்லாரும் குதிச்சாங்க. அப்புறம் அதே நாட்டுல திரும்ப கவனமா செஞ்சப்ப அந்தப் பலன் தெரியல. அதனால பேக்கேஜ் வேண்டாம், கடன் வாங்கி எடுக்கவே வேண்டாம், அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்க.

அப்ப எதை வெச்சுதான் சொல்றதுன்னா, பிள்ளை செய்யறதை வெச்சு. பார்படாஸ் தீவுல ஜனினா காலர்னு ஒருத்தர் 1967ல இருந்து 1972க்குள்ள பொறந்து முதல் வயசுல சத்துக்குறைவு வந்த பிள்ளைகளை நாப்பது வயசு வரைக்கும் பாத்தாங்க. உயரம் எடை எல்லாம் பிடிச்சுட்டாங்க, ஆனா ஸ்கூல்ல சுமார் 60 சதவீதம் பேருக்கு கவனம் நிக்கல, கூடப் படிச்ச மத்த பிள்ளைகள்ல அது 15 சதவீதம். இதை மறைக்க எனக்கு இஷ்டமில்ல, எடை ஏறிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். இதோட சேத்து ஜமைக்காவையும் பாக்கணும். அங்க கிராந்தம்-மெக்ரெகர்னு ஒரு டாக்டரம்மா ஆஸ்பத்திரியில சேந்த கடும் சத்துக்குறைவு பிள்ளைகளுக்கு வார்டுலயே விளையாட்டு சொல்லிக் குடுத்து, வீட்டுக்கும் போய் அம்மாவோட உக்காந்து தொடர்ந்து பண்ணினாங்க. விளையாட்டு கிடைச்ச பிள்ளைங்க நல்லா இருந்த பிள்ளைகளை எட்டிப் பிடிச்சாங்க, சாப்பாடு மட்டும் கிடைச்சவங்க பின்னாடியே நின்னுட்டாங்க. அப்புறம் வளர்ச்சி குன்றின 129 பிள்ளைகளை எடுத்து, அதுல ஒரு பகுதி வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ரெண்டு வருஷம் போனாங்க, பொம்மை எல்லாம் பாட்டில் மூடி, அட்டைப்பெட்டி, துணியில செஞ்சது. இருபது வருஷம் கழிச்சு பாத்தா அந்தப் பிள்ளைங்க மத்தவங்களை விட 25 சதவீதம் அதிகமா சம்பாதிக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு எந்த டானிக்கும் இப்படி ஒரு பலன் காட்டினதில்ல. ஆனா ரெண்டு நாட்டுலயும் வறுமை, அம்மாவோட மனசு, அடிக்கடி வர காய்ச்சல் எல்லாம் பின்னிக் கிடக்கு, எது எவ்ளோன்னு பிரிக்கறது கஷ்டம், உங்க பாப்பா எந்தப் பக்கம்னு இப்பவே சொல்றவங்க யாரையும் நம்பாதீங்க.

நடைமுறைக்கு வரேன். 20 மாசத்துல நடக்கணும், வேணும்கறதை விரல் நீட்டிக் காட்டணும், அம்மா மாமா பூனைன்னு சில வார்த்தை வரணும். மூணு வாரம் படுக்கையில, அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா சுருண்டு கிடந்த பிள்ளைக்கு இது தள்ளிப்போறது சகஜம், நான் பாக்கறது இன்னைக்கு எங்க நிக்குதுங்கறதை விட போன மாசத்துக்கு இந்த மாசம் நகருதாங்கறதை. அரசு ஆஸ்பத்திரி வழியா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, டிஇஐசின்னு சொல்லுவாங்க, சீட்டு வாங்கிட்டு போங்க, முறையா வளர்ச்சி டெஸ்ட், காது டெஸ்ட் ரெண்டும் பாப்பாங்க, காசு கிடையாது. பேச்சு வராத பிள்ளைக்கு காது பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாது. தலைச் சுற்றளவையும் மாசாமாசம் அட்டையில குறிக்கச் சொல்லுங்க. அங்கன்வாடி அக்காகிட்ட கை அளவு நாடா இருக்கு, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ சிவப்பு, 12.5 தாண்டி நிக்கணும். சத்துமாவோட, 2022ல நம்ம முத்தோரை பாலாடாவுல தொடங்கின ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டத்துல பாப்பா பேர் இருக்கான்னும் கேட்டுக்கங்க.

வீட்டுல ஒண்ணு, டீயை நிறுத்துங்க. கோவப்படாதீங்க, எஸ்டேட் லைன் வீட்டுல காலையில இலை பறிக்கக் கிளம்பற அவசரத்துல டீயில வர்க்கியை முக்கிப் பிள்ளை வாயில வெச்சுட்டுப் போறது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். ஆனா டீ இரும்பை உள்ள விடாது, வர்க்கி வயித்தை ரொப்பிடும், அப்புறம் முட்டையும் பருப்பும் எங்க இறங்கும். ராகிக் கூழ்ல நெய், குழைஞ்ச அவரைப் பருப்பு, தினம் ஒரு முட்டை, கிடைச்சா ஈரல் இல்ல சின்ன மீன், கூடவே கொய்யா மாதிரி விட்டமின் சி இருக்கற எதாவது பழம். ஆஸ்பத்திரியில தினம் 15ல இருந்து 30 நிமிஷம் விளையாட்டுன்னு வெச்சிருப்பாங்க, அதை வீட்டுல நீங்கதான் எடுத்துக்கணும். அக்கா இலைக்குப் போயிட்டு களைச்சு வருவாங்க, மாமன் கையில பாப்பாவைக் குடுத்துட்டாங்கன்னா டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டுங்க, அடுக்கி வெச்சு தள்ளுங்க, ஜன்னல்ல வர குரங்கைக் காட்டிப் பேர் சொல்லுங்க, பதிலுக்கு பாப்பா ஒரு சத்தம் போட்டா நீங்களும் அதே சத்தம் போடுங்க. போனைக் குடுத்து உக்கார வெக்கறது இதுல சேராது.

ரிவ்யூவுக்குப் போறப்ப சிஆர்பியோட ஃபெரிட்டின், ஹீமோகுளோபின், டிஎஸ்எச், டி4, தேவைன்னா எச்பிஎல்சி, அக்காவுக்கு பி12, இவ்ளோதான் கேளுங்க, பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியிலயே ஆயிடும். மறுபடி கால்ல வீக்கம் வந்தா, சாப்பாடு ஒரு நாளுக்கு மேல ஒதுக்கினா, வலிப்பு வந்தா, கை நடுங்கினா, இல்ல நடந்துட்டு இருந்தது நடக்காம, சொன்ன வார்த்தையைச் சொல்லாம போனா, ரிவ்யூ தேதி வரட்டும்னு இருக்காதீங்க, அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க, டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோட எடுத்துக்கங்க.